ஸ்டீயரிங்கில் ஒரு கை, திரையில் ஒரு கண்: குறுஞ்செய்தியும் சாலைச் சட்டமும்

2017-ஆம் ஆண்டு லண்டனின் மேற்குப் பகுதியில் விபத்து நடந்த இடம் ஒன்றைக் காரில் கடந்து சென்ற ஓட்டுநர், வண்டியை ஓட்டியபடியே கைப்பேசியை உயர்த்தி அந்தக் காட்சியை வீடியோ எடுத்தார். போலீஸார் வழக்குப் பதிந்தனர். கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ரத்து சரியே என்று 2019-இல் உயர் நீதிமன்றமும் கூறிவிட்டது. 2003 முதல் அங்கே நடைமுறையில் இருந்த விதி, பிறரோடு தொடர்பு கொள்வதற்காகக் கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்திருந்தது. வீடியோ எடுப்பது தொடர்பு கொள்வது ஆகாது என்பதால் அந்த விதிக்குள் அவர் சிக்கவில்லை. ஓட்டியபடி படம் எடுக்கலாம் என்று இந்தத் தீர்ப்பை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கவனக்குறைவாக ஓட்டியதாக வேறு பிரிவில் வழக்கு வரலாம் என்று நீதிபதி சேர்த்தே சொன்னார். ஆனாலும் ஓட்டை ஓட்டைதான். அதை அடைத்த திருத்தம் 2022 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்போது பிரிட்டனில் ஓட்டும்போது கையில் பிடித்த கருவியில் படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது, விளையாடுவது, திரையை வெறுமனே ஒளிரச் செய்வது எல்லாமே குற்றம்.

இந்தச் சிக்கல் பிரிட்டனுக்கு மட்டும் உரியதல்ல. வண்டி ஓட்டியபடி குறுஞ்செய்தி படிப்பதையும் அனுப்புவதையும் தடுக்கப் பல நாடுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் பெரும்பாலும் ஓட்டுநரின் கையைக் குறிவைத்து எழுதப்பட்டவை. கருவி கையில் இருந்ததா, அதை அழுத்தினாரா, காதில் வைத்தாரா என்பவையே அவை கேட்கும் கேள்விகள். விபத்தை உண்டாக்குவதில் கைக்குப் பங்கு உண்டு என்றாலும் பெரும்பங்கு கண்ணுக்கும், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கவனத்துக்கும்தான். கவனம் எங்கே போயிருந்தது என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் காவலர் பார்க்க முடியாது. கையைப் பார்க்கலாம், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். அதனால்தான் சட்டம் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளியை விளங்கிக்கொண்டால், சிறு அபராதத்தில் தொடங்கிப் பல ஆண்டுச் சிறை வரை நீளும் தண்டனைகள் ஏன் இத்தனை சீரற்றவையாகத் தோன்றுகின்றன என்பதும் விளங்கும்.

திரையைப் பார்க்கும் விநாடிகள்

செய்தி ஒன்று வந்ததும் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கைப்பேசி அதிர்கிறது. கையை நீட்டுவதற்கு முன்பே, யாராக இருக்கும் என்ற யோசனையில் மனம் சாலையை விட்டு நகர்ந்துவிடுகிறது. பிறகு கை பக்கத்து இருக்கைக்கோ சட்டைப்பைக்கோ போகிறது. உடல் சற்றே சாய, ஸ்டீயரிங்கும் கொஞ்சம் இழுபடுகிறது. திரையைத் திறக்க ஒரு பார்வை, பெயரைப் பார்க்க ஒரு பார்வை, செய்தியைப் படிக்க இரண்டு மூன்று பார்வை, நடுநடுவே அரைகுறையாக நிமிர்ந்து சாலையை ஒருமுறை நோட்டம் விடுதல். பதில் எழுதத் தொடங்கினால் விரல் தவறான எழுத்தில் படும். அதை அழித்துத் திருத்தக் கண் மறுபடியும் கீழே போய்த் தங்கும். அனுப்பி முடித்த பிறகும் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தோன்றும். சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கவனச்சிதறலை மூன்றாகப் பிரிப்பார்கள்: பார்வை விலகுவது, கை விலகுவது, மனம் விலகுவது. ரேடியோவின் ஒலியைக் கூட்டும்போது கை மட்டும் ஒரு கணம் விலகும். பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போது மனம் ஓரளவு விலகும். குறுஞ்செய்தியில் மூன்றும் ஒரே நேரத்தில் விலகுகின்றன, அதுவும் திரும்பத் திரும்ப.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம், லாரிகளுக்குள் கேமராக்களைப் பொருத்தி, ஓட்டுநர்கள் தங்கள் வழக்கமான வேலையைச் செய்யும்போது பதிவான காட்சிகளை ஆராய்ந்தது. 2009-இல் அது வெளியிட்ட முடிவு பின்னர் பல நாடுகளின் சட்ட விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் விபத்திலோ விபத்தை ஒட்டிய நிலையிலோ சிக்கும் வாய்ப்பு, அவ்வாறு செய்யாத நேரத்தைவிட ஏறத்தாழ 23 மடங்கு. அத்தகைய நிகழ்வை ஒட்டிய 6 விநாடிகளில் சராசரியாக 4.6 விநாடிகள் அவர் கண் சாலையில் இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் போகும்; 4.6 விநாடியில் 115 மீட்டர். அத்தனை தூரமும் வண்டி ஓட்டுநர் பார்க்காமலே ஓடியிருக்கிறது.

நகரச் சாலையில் வேகம் குறைவுதானே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். முன்னே போகும் வண்டி திடீரென நின்றாலோ ஒரு குழந்தை சாலையில் இறங்கினாலோ, கண் முழுக்கச் சாலையில் இருக்கும் ஓட்டுநருக்கே பார்த்து உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றிலிருந்து ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி 14 முதல் 21 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகே வேகம் குறையத் தொடங்கும். கண் இரண்டு விநாடி கீழே இருந்திருந்தால் இன்னொரு 28 மீட்டர் சேர்ந்துகொள்ளும். நகரத்தில் வண்டிகளுக்கு இடையே அத்தனை இடைவெளி கிடைப்பதே அபூர்வம்.

போதையோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2008-இல் இளம் ஓட்டுநர்களை, வண்டி ஓட்டுவது போன்ற சூழலை உருவாக்கும் கருவியில் (சிமுலேட்டர்) அமர்த்திச் செய்த சோதனையில், செய்தி எழுதியபோது அவர்கள் எதிர்வினையாற்றும் வேகம் சுமார் 35 சதவீதம் மந்தமானது. சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது அருந்தியவர்களுக்கு அதே மந்தம் சுமார் 12 சதவீதமே. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 40 பேரை வைத்து நடந்த சோதனையில் கைப்பேசியில் வெறுமனே பேசியபடி ஓட்டியவர்கள், ரத்தத்தில் 0.08 சதவீத மதுவோடு ஓட்டியவர்கள் ஆகிய இரு நிலைகளும் ஒப்பிடப்பட்டன. மூன்று பேர் முன்வண்டியில் மோதினார்கள். மூவரும் மோதியது கைப்பேசியில் பேசியபோதுதான். குடித்த நிலையில் ஒருவரும் மோதவில்லை. குடிப்பது பரவாயில்லை என்று இதற்குப் பொருளல்ல. குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பார்த்து முகம் சுளிக்கும் சமூகம், செய்தி பார்த்தபடி ஓட்டுபவரை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டுமே இது காட்டுகிறது.

கையில் பிடிக்காமல் பேசினால் சரியா? 1997-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, கைப்பேசி வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டு, பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்று கண்டது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவிகள் கையில் பிடிப்பதைவிடப் பாதுகாப்பானவை என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்து 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதே நான்கு மடங்கைத்தான் காட்டியது. அதிலும் புளூடூத் வகையறாவுக்குத் தனிச் சலுகை இல்லை. மனம் வேறிடத்தில் இருக்கும்போது கண் திறந்திருந்தும் பொருளைக் காணாமல் போவதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள்: பார்வை சாலையில் நிலைத்திருக்கும், ஆனால் பார்த்த பலகையோ கடந்துபோன ஆளோ நினைவில் பதிந்திருக்காது. வாயால் சொல்லி எழுதவைக்கும் வசதியை டெக்சாஸ் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2013-இல் சோதித்தபோது, விரலால் எழுதுவதைவிட அது பாதுகாப்பானதாகத் தெரியவில்லை. இரண்டு முறையிலும் எதிர்வினை நேரம் கிட்டத்தட்ட இருமடங்கானது. 2015-இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தின் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, குரல் கட்டளை வசதியைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனம் முழுமையாகத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆகலாம் என்றது. சிக்னலில் நிற்கும்போது செய்தியைப் படித்துவிட்டுப் பச்சை விளக்கில் கிளம்புபவரின் மனம் அடுத்த சந்திப்பு வரை அந்தச் செய்தியிலேயே இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

மற்றவர்களால் முடியாது, என்னால் முடியும் என்ற எண்ணம்தான் இந்தப் பழக்கத்தின் அடித்தளம். இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தும் திறன் குறையாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2010-இல் அப்படிப்பட்டவர்கள் 2.5 சதவீதம் பேர் என்று கண்டார்கள். மீதி 97.5 சதவீதத்தில் இருப்பவர்களும் தங்களை அந்த 2.5 சதவீதத்தில் ஒருவராக எண்ணிக்கொள்வதே சிக்கல்.

எங்கே, எது குற்றம்

சாலைப் போக்குவரத்து குறித்த 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, ஓட்டுநர் ஓட்டுவதைத் தவிர்த்த பிற செயல்களை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது; வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை நாடுகள் தடை செய்ய வேண்டும் என்றும் கேட்கிறது. இங்கேயும் சொல் கையில்தான் வந்து நிற்கிறது.

இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தின் கீழ் வெளிப்படையாகச் சேர்த்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் தவறான திசையில் ஓட்டுவதும் இருக்கும் அதே பட்டியல் அது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி அதே குற்றம் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தமோ, ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்காத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்பவரின் திரையில் வாட்ஸ்அப் இருந்ததா இல்லையா என்பதைச் சாலையோரத்தில் முடிவு செய்வது எளிதல்ல.

நின்றிருக்கும் வண்டி ஓட்டப்படும் வண்டியா என்பதில் நாடுகள் பிரிகின்றன. பிரிட்டனில் சிக்னலில் நின்றாலும், நெரிசலில் ஊர்ந்தாலும் தடை பொருந்தும். அபராதம் 200 பவுண்டு, உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள். புதிதாக உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளே உரிமத்தைப் பறித்துவிடும் என்பதால், இளம் ஓட்டுநருக்கு இது அபராதத்தைவிடப் பெரிய அடி. அவசர உதவி எண்ணை அழைப்பது போன்ற மிகச் சில விலக்குகளே உண்டு. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: சாலையோரம் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தியிருந்தாலும், பழுதாகியோ முறையான நிறுத்துமிடத்திலோ நிற்காத வரை அந்த வண்டி போக்குவரத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் வண்டி நகர்ந்துகொண்டிருந்தால்தான் குற்றம். ஆனால் அங்கே முதல் குற்றத்துக்கே 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2015 முதல் டேப்லெட் உள்ளிட்ட கருவிகளும் அதில் அடங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019-இலிருந்து முதல் முறையே உரிமத்தை மூன்று நாள் முடக்குகிறது. மூன்றாம் முறை என்றால் முப்பது நாள். ஜப்பான் 2019 டிசம்பரில் தண்டனைகளைக் கூட்டியபோது, கைப்பேசியைப் பயன்படுத்தியதால் போக்குவரத்துக்கு ஆபத்து விளைந்தால் ஓராண்டு வரை சிறை என்றது. 2024 நவம்பரில் இதே கண்டிப்பைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நீட்டியது. சைக்கிள்தானே என்று சிரிப்பவர்கள், நடைபாதையில் அதில் மோதுண்டு விழும் முதியவரை நினைத்துப் பார்க்கலாம்.

மோதிய பிறகு மாறும் பெயர்

இதுவரை சொன்னவை எல்லாம் எதுவும் நடக்காதபோது கிடைக்கும் தண்டனைகள். அதே செய்தி, அதே இரண்டு விநாடி, ஆனால் அந்த நேரத்தில் ஒருவர் சாலையைக் கடந்திருந்தால் குற்றத்தின் பெயரே மாறிவிடும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாகத்தான் இருந்தது. பிரிட்டனில் அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தால் இருந்த 14 ஆண்டு உச்சவரம்பு, 2022 ஜூன் 28 முதல் ஆயுள் சிறையாக உயர்ந்தது. அங்கே தண்டனை வழிகாட்டு நெறிகளில், நீண்ட நேரம் கைப்பேசியைப் பயன்படுத்தியபடி ஓட்டுவது மிக உயர்ந்த குற்றப்பொறுப்புக்கு அடையாளமாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் பதின்ம வயது ஓட்டுநர் ஒருவர் செய்தி அனுப்பியபடி ஓட்டி மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டார். அவர் ஓராண்டைச் சிறையில் கழிக்க வேண்டும், 15 ஆண்டு ஓட்டக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரே செயலுக்கு ஒருவருக்கு அபராதச் சீட்டும் மற்றவருக்குச் சிறையும் என்பது நியாயமா என்று சட்ட அறிஞர்கள் நெடுநாளாக விவாதிக்கிறார்கள். இருவரும் செய்த தவறு ஒன்றே. வேறுபாடு எதிரே யார் வந்தார்கள் என்பதில் மட்டுமே இருக்கிறது. என் பார்வையில் இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் உண்மை உண்டு. உயிரிழப்பைப் பொருட்படுத்தாத சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு நீதி செய்ததாகாது. ஆனால் தண்டனையின் எடை முழுவதையும் விளைவில் ஏற்றிவைத்தால், விளைவு நேராத ஆயிரக்கணக்கான தருணங்களில் அந்தச் செயல் சிறு தவறு என்ற எண்ணமே ஊறிப்போகும். யூட்டா மாநிலம் இதை வேறு வழியில் அணுகியது. 2006-இல் அங்கே செய்தி அனுப்பியபடி ஓட்டிய இளைஞரின் வண்டி நடுக்கோட்டைத் தாண்டியதில் எதிரே வந்த காரில் இருந்த இருவர் இறந்தனர். அப்போது இருந்த சட்டத்தில் கடுமையான வழக்குக்கு இடம் குறைவாக இருந்தது. 2009-இல் அந்த மாநிலம், செய்தி அனுப்பியபடி ஓட்டுவதே அறிந்து செய்யும் துணிச்சல் குற்றம் என்ற நோக்கில் சட்டத்தைத் திருத்தி, மரணம் நேர்ந்தால் 15 ஆண்டு வரை சிறை என்றது. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்ற வாதம் குடித்துவிட்டு ஓட்டியவருக்கு எப்படி உதவாதோ, அப்படியே இவருக்கும் உதவாது என்பதுதான் அதன் உட்பொருள்.

நிரூபிப்பது எப்படி என்ற கேள்வி அடுத்து வரும். விபத்துக்குப் பின் கைப்பேசியைத் தொடவே இல்லை என்று ஓட்டுநர் சொல்வது வழக்கம். விசாரணையாளர் முதலில் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து அழைப்பு, செய்திப் பதிவுகளைப் பெறுவார். இணையம் வழியாகப் போகும் செய்திகளின் விவரம் அதில் முழுமையாக இராது. அதற்குக் கருவியையே ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். திரை எப்போது திறக்கப்பட்டது, எந்தச் செயலி முன்னால் இருந்தது, அனுப்பாமல் பாதியில் நிற்கும் செய்தி எது என்பவை அங்கே கிடைக்கக்கூடும். மறுபுறம், பல நவீன கார்களில் காற்றுப்பை அமைப்போடு இணைந்த பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய சில விநாடிகளில் வண்டியின் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதைச் சேமித்து வைத்திருக்கும். இரண்டு கால வரிசைகளையும் அருகருகே வைக்கும்போது, பிரேக்கே மிதிக்கப்படாத அந்த விநாடிகளில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தால், வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது. சாலையில் டயர் தேய்ந்த தடம் இல்லாததையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பார்க்காத ஆபத்துக்கு யாரும் பிரேக் போடுவதில்லை.

அதே வேளையில், கைப்பேசி என்பது ஒருவரின் அந்தரங்கம் முழுவதும் அடங்கிய பொருள். கைது செய்யப்பட்டவரின் கைப்பேசியை நீதிமன்ற அனுமதி இல்லாமல் சோதிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த இடத்திலேயே கருவியில் சொருகி, சற்று முன் அது பயன்படுத்தப்பட்டதா என்று மட்டும் சொல்லும் சாதனத்தைக் காவலருக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை நியூயார்க் மாநிலத்தில் 2016-இல் மசோதாவாகவே வந்தது. அந்தரங்கம் குறித்த எதிர்ப்பில் அது நிறைவேறவில்லை.

குற்ற வழக்கு ஒருபுறம் நடக்க, இழப்பீட்டு வழக்கு மற்றொரு புறம் நடக்கும். அங்கே சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. கவனக்குறைவு இருந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று காட்டினால் போதும் என்பதால், குற்ற வழக்கில் தப்பியவரும் இழப்பீட்டு வழக்கில் சிக்கலாம். காயமடைந்தவரே செய்தி பார்த்துக்கொண்டு வந்திருந்தால் அவருக்குக் கிடைக்கும் தொகை அவர் பங்குத் தவறுக்கு ஏற்பக் குறையும். வேலை நேரத்தில், வேலைக்கான செய்திக்குப் பதில் அளித்தபடி மோதினால் முதலாளியின் பொறுப்பும் கேள்விக்குள்ளாகும். உடனே பதில் வேண்டும் என்று எதிர்பார்க்கும் நிறுவனங்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. 2013-இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் தொலைவுக்குச் சென்றது. செய்தியைப் பெறுபவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், ஓட்டியபடியே அதைப் பார்ப்பார் என்பது அனுப்புபவருக்குத் தெரியும் என்றால், அல்லது தெரிந்திருக்கத் தனிப்பட்ட காரணம் இருந்தால், அனுப்பியவரும் பொறுப்பாளியாகலாம் என்று அது கூறியது. குறிப்பிட்ட அந்த வழக்கில் அனுப்பியவருக்கு எதிராகப் போதிய சான்று இல்லை என்று அவரை விடுவித்தது என்றாலும், கொள்கை நின்றுவிட்டது.

தண்டவாளத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் விநாடி கணக்கில் தெரிந்த நிகழ்வு அது. 2008 செப்டம்பர் 12 அன்று கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பயணிகள் ரயில் ஒன்று சிவப்பு சிக்னலைக் கடந்து சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியதில் 25 பேர் இறந்தனர். பயணிகள் ரயிலை ஓட்டியவர் கடைசிச் செய்தியை அனுப்பியது மோதலுக்கு 22 விநாடிகளுக்கு முன். பயிற்சி பெற்ற, அனுபவம் உள்ள ஒருவர். ஸ்டீயரிங் திருப்ப வேண்டிய தேவைகூட இல்லாத வண்டி. அடுத்த மாதமே ரயில் ஊழியர்கள் பணியின்போது தனிப்பட்ட மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்த அமெரிக்க அரசு தடை விதித்தது. சிக்னலைத் தாண்டும் ரயிலைத் தானே நிறுத்தும் அமைப்பைக் கட்டாயமாக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. மனிதக் கவனத்தை மட்டும் நம்ப முடியாது என்று ஒரு துறை எடுத்த முடிவு அது.

சட்டத்தால் என்ன முடிந்தது

தடைச் சட்டம் வந்தால் விபத்து குறையும் என்ற எதிர்பார்ப்பு எல்லா இடங்களிலும் நிறைவேறிவிடவில்லை. அமெரிக்காவில் காப்பீட்டுத் துறை சார்ந்த நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் 2010-இல் நான்கு மாநிலங்களை ஆராய்ந்தபோது, குறுஞ்செய்தித் தடைக்குப் பின் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகள் குறையவில்லை. சில இடங்களில் சற்றுக் கூடவும் செய்தன. போலீஸ் கண்ணில் படாமல் இருக்கக் கைப்பேசியை ஸ்டீயரிங்குக்குக் கீழே, மடியில் வைத்து எழுதத் தொடங்கியதால் கண் சாலையிலிருந்து இன்னும் அதிகம் விலகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம். கையைக் குறிவைத்த சட்டம் கையை இடம் மாற்றியது. கண்ணை இன்னும் கீழே இறக்கியது. கடுமையான தண்டனையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே மனிதரைத் திருத்தும் என்பது குற்றவியலில் பழைய கருத்து. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அந்த வழியைத் தேர்ந்தது. 2019 டிசம்பர் 1 முதல் சாலைக்கு மேலே பொருத்திய கேமராக்கள் கண்ணாடி வழியாக ஓட்டுநரின் மடியைப் படம் எடுக்கின்றன. கணினி சந்தேகத்துக்குரிய படங்களைப் பிரித்துக் கொடுக்க, மனிதர்கள் சரிபார்த்த பிறகே நோட்டீஸ் போகிறது. முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பினார்கள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மடியும் மறைவிடம் அல்ல.

ஓட்டும்போது அறிவிப்புகளைத் தடுத்து வைக்கும் வசதியை ஆப்பிள் 2017-இல் ஐபோன்களில் சேர்த்தது; பிற கைப்பேசிகளிலும் இப்போது உண்டு. அதிர்வே எழாவிட்டால் யாராக இருக்கும் என்ற யோசனையும் எழாது என்பதால், இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்தின் வேரை நெருங்கும் ஏற்பாடு இதுதான் என்பது என் கணிப்பு. அதன் குறையும் வெளிப்படையானது: அந்த வசதியை அணைத்து வைப்பதும் ஓட்டுநரின் விருப்பம்.

இனி வரும் வண்டிகள் பிரச்சினையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில் சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் சாலையைக் கடந்த பெண் மீது மோதி அவர் இறந்தார். வண்டி தானே ஓடிக்கொண்டிருக்க, கண்காணிக்க வேண்டியவர் கைப்பேசியில் நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டிருந்தார் என்று புலனாய்வு கூறியது. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. ஓரளவு தானே ஓடும் கார்களில் பொறுப்பு இன்னும் ஓட்டுநருடையதே என்பதை அந்த வழக்கு உறுதிப்படுத்தியது. முழுமையாகத் தானே ஓட்டிக்கொள்ளும் வண்டிகளுக்காகப் பிரிட்டன் 2022 ஜூலையில் சாலை விதிமுறைக் கையேட்டைத் திருத்தியபோது, வண்டி ஓட்டும் பொறுப்பில் இருக்கும் வேளையில் அதன் உள்திரையில் படம் பார்க்கலாம் என்று அனுமதித்தது. கட்டுப்பாட்டைத் திரும்ப எடுக்க வேண்டிய கணத்தில் வண்டியே அந்தத் திரையை அணைத்து எச்சரிக்கும் என்பது அதன் பின்னணி. கையில் பிடித்த கைப்பேசிக்கு அங்கேயும் தடை தொடர்கிறது, ஏனென்றால் அதை அணைக்க வண்டியால் முடியாது.